இரு வண்ணக் கவுலின் உள்பக்கம்

சென்னையில் மார்கழி விடியற்காலையில் வெப்பமானி 20 டிகிரிக்குச் சற்று மேலேதான் நிற்கும். அதற்கே எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் பால் வாங்கப் புறப்படும் பெரியவர்கள் காதை மூடி மஃப்ளர் சுற்றிக்கொள்வார்கள். கோயிலுக்குக் கிளம்பும் தாத்தாக்கள் மங்கி குல்லாவுக்குள் புகுந்துவிடுவார்கள். ஆகவே இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கம்பளி பின்னுகிறாளே என்று கேலி செய்ய எங்கள் தெருவில் எவருக்கும் தகுதியில்லை. ஆனாலும் நான் இங்கே எழுதப்போகும் கவுல் நம் ஊர்ப் பனிக்காகப் பின்னியது அன்று. என் தங்கையின் மகள் கனடாவில் வினிபெக் நகரில் படிக்கிறாள். ஜனவரி மாதத்து இரவுகளில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டி இறங்குவது சாதாரணம். “மஃப்ளர் வேணாம் பெரியம்மா, அதோட முனை ஜாக்கெட் ஜிப்புல மாட்டிக்குது. தலை வழியா போட்டுக்கிற மாதிரி வளையமா பின்னிக் குடுங்க” என்று அவள் கேட்டாள். கழுத்தில் இறங்கி நின்று, வேண்டும்போது மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்ளக்கூடிய அந்த வளையம்தான் கவுல்.

ஒரே நிறத்தில் பின்னியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். இரு வண்ணத்தில் பின்னியதற்கு அழகு மட்டும் காரணமில்லை. இந்த முறையில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நூல்களையும் கூடவே கொண்டுசெல்ல வேண்டும். கட்டத்தாளில் வரைந்திருப்பதற்கேற்ப ஒரு கண்ணியை, அதாவது ஊசியில் விழும் ஒரு வளையத்தை, இந்த நிறத்திலும் அடுத்த கண்ணியை அந்த நிறத்திலும் போடும்போது, அப்போதைக்கு வேலையில்லாத நூல் துணியின் பின்பக்கத்தில் குறுக்காக ஓடிக்கொண்டே வரும். இதனால் துணி ஏறக்குறைய இரட்டை அடுக்காகிறது. முன்பக்கக் கண்ணிகளுக்கும் பின்பக்க ஓட்டநூல்களுக்கும் இடையே காற்று தங்குகிறது, குளிரை அந்தக் காற்றுதான் தடுக்கிறது. அதே நூலில், அதே ஊசியில் வெறும் ஒற்றை நிறத்தில் பின்னிய துணியைக் கையில் எடுத்து ஒப்பிட்டாலே எது கனமானது, எது காற்று புகாதது என்பது விளங்கிவிடும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளுக்கும் ஷெட்லாந்து தீவுகளுக்கும் நடுவே இருக்கும் ஃபேர் ஐல் என்னும் சிறு தீவின் பெயரால்தான் இந்தப் பின்னல் உலகெங்கும் அறியப்படுகிறது. பின்னாளில் எட்டாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர், 1920-களின் தொடக்கத்தில் அந்தத் தீவின் ஸ்வெட்டரை அணிந்து கோல்ஃப் ஆட வந்தார். அதன் பிறகு மீனவர் குடும்பங்களின் உடை திடீரென்று நாகரிகமாகிவிட்டது. அந்த ஸ்வெட்டர்களில் ஏழெட்டு நிறங்கள் இருந்தாலும் எந்த ஒரு வரிசையிலும் இரண்டு நிறங்களுக்கு மேல் வருவதில்லை. ஒரே நிறம் தொடர்ந்து ஐந்தாறு கண்ணிகளுக்கு மேல் ஓடுவதும் அரிது. இவ்விரண்டு விதிகளும் முன்பக்க அழகுக்காக ஏற்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டுமே பின்பக்கத்தை நினைத்து வைத்த விதிகளாகத்தான் தோன்றுகின்றன. மூன்றாவது நூல் சேர்ந்தால் பின்பக்கம் தடித்துவிடும். ஒரே நிறம் நீண்டு போனால் மற்ற நூல் பின்னால் நீளமாகத் தொங்கும். கட்டத்தைப் பார்த்துக் கண்ணி எண்ணத் தெரிந்த எவரும் முன்பக்கத்தைப் பின்னிவிடலாம். கவுல் நல்ல கவுலா என்பதைத் தீர்மானிப்பது உள்பக்கம்தான்.

பட்டுப்புடவை கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடலெங்கும் புட்டா போட்ட புடவையைத் திருப்பிப் பார்த்தால் ஜரிகை இழைகள் ஒரு புட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு நீளமாக ஓடிக்கொண்டிருக்கும். நடக்கும்போது கால் மெட்டி அதில் மாட்டி இழையை இழுத்துவிடும் என்பதற்காகத்தானே தையற்காரரிடம் கொடுத்து உள்பக்கம் நெட் அடித்து வாங்குகிறோம். கவுலில் மெட்டியின் இடத்தைத் தோடும் மூக்குத்தியும் பிடித்துக்கொள்கின்றன. தலை வழியாக இறக்கும் ஒவ்வொரு முறையும் ஓட்டநூல்கள் காதையும் மூக்கையும் உரசிக்கொண்டுதான் வரும். கவுலுக்கும் உள்ளே ஃப்ளீஸ் துணி வைத்துத் தைத்துவிடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. உள்ளே மறைக்கத் துணி இருக்கிறது என்ற தைரியத்தில் கை கவனம் குறைந்துவிடுகிறது. தவிர, பின்னல் நீளும் அளவுக்கு உள்துணி நீளாது என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

நூல் வாங்கப் பாரிமுனைக்குப் போனேன். வீட்டிலிருந்து பக்கம்தான், லேஸும் பட்டனும் எம்பிராய்டரி நூலும் விற்கும் குறுகலான கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக். குழந்தைக் குல்லாவுக்கும் தோரணத்துக்கும் அது போதும். அடித்துத் துவைக்கலாம், பூச்சி அரிக்காது, விலையும் குறைவு. வினிபெக் குளிருக்கு நான் அதை எடுக்கவில்லை. வாயையும் மூக்கையும் மூடியிருக்கும் துணியில் மூச்சின் ஈரம் ஓயாமல் படியும். ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம்வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் கைக்கு நனைந்ததாகத் தெரியாது. அக்ரிலிக் இழை ஈரத்தை உள்ளே வாங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஈரம் மேலேயே நின்று, வெளிக்காற்று பட்டவுடன் உறையும். ஆனால் கம்பளி என்று எழுதியிருப்பதெல்லாம் கழுத்துக்கு ஆகாது. இழை தடிமனாக இருந்தால் அதன் நுனிகள் தோலைக் குத்தும். மெரினோ என்னும் ஆட்டினத்தின் இழை மெல்லியது, குத்தும் முன்பே வளைந்துகொடுக்கும். நான் இணையத்தில் வரவழைத்தது 50 கிராம் கண்டுகளாக, டிகே எனப்படும் நடுத்தரத் தடிமனில் வந்த மெரினோ நூல். இயந்திரத்தில் துவைக்கத் தோதாக இழைமேலுள்ள நுண்செதில்களை மழுக்கிய சூப்பர்வாஷ் வகையை வேண்டுமென்றே தவிர்த்தேன். அந்த நூல் வழுக்கும். நனைந்தால் தளர்ந்து நீண்டுவிடும். செதிலுள்ள கம்பளியில் பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், ஓட்டநூல்களும் இடம்விட்டு நகராமல் துணியோடு ஒட்டி நிற்கின்றன.

ஊசி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் கடைகளில் இன்றும் பழைய பிரிட்டிஷ் கணக்குத்தான். எண் கூடக் கூட ஊசி மெலியும், 8-ஆம் எண் என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் எண் கூடினால் ஊசி தடிக்கும், அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்துவிட்டு எண்ணை மட்டும் கடைக்காரரிடம் சொன்னால் கவுல் கைக்குட்டைச் சுற்றளவில் முடியும். மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு வேண்டியிருந்தது 4 மில்லிமீட்டரில், இரு ஊசிமுனைகளை வளையும் கம்பியால் இணைத்த, முனைக்கு முனை 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வட்ட ஊசி. வட்டமாகப் பின்னும்போது எப்போதும் முன்பக்கம்தான் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். கோலம் வரும் எல்லாச் சுற்றும் நிட் என்னும் முன்பக்கக் கண்ணிதான், பர்ல் என்னும் பின்பக்கக் கண்ணி கிடையாது. இரண்டு நூலோடு பர்ல் போடுவது என்பது தண்டனை.

நிறத்தில்தான் அதிக நேரம் செலவழித்தேன். தங்கை முதலில் கேட்டது அரக்கும் பாட்டில் பச்சையும். காஞ்சிபுரம் புடவையில் அந்த ஜோடிக்கு ஈடில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புடவையில் உடல் அகலமான ஒரு பரப்பு, பார்டர் அகலமான இன்னொரு பரப்பு. ஆறு முழம் தள்ளி நின்று பார்த்தாலும் இரண்டும் தனித்தனியே தெரியும். பின்னலில் ஒரு கண்ணியின் அகலம் 4 மில்லிமீட்டர்தான். அரக்கும் பச்சையும் ஏறக்குறைய ஒரே அளவு இருட்டான நிறங்கள் என்பதால், அவ்வளவு சிறிய புள்ளிகளாகக் கலக்கும்போது கண் இரண்டையும் பிரிக்க முடியாமல் ஒரு மங்கலான பழுப்பாகப் பார்த்துவிடுகிறது. இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி, இரண்டு கண்டுகளையும் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்ப்பது. படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடியைக் கைவிட வேண்டியதுதான். மாம்பழ மஞ்சளும் அரக்கும் தேறின. முடிவில் நான் எடுத்தது கருநீலமும் சந்தன நிறமும். கருநீலத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தே உறுதிசெய்தேன். டியூப்லைட்டில் அதற்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்ப்பது கட்டாயம். அதையும் வட்டமாகத்தான் பின்ன வேண்டும். தட்டையாகப் பின்னினால் பர்ல் வரிசைகளின் இறுக்கம் வேறாக இருந்து கணக்கைக் கெடுக்கும். ஒற்றை நிறத்தில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வந்த அதே நூல், இரு வண்ணத்தில் 24 கண்ணியாக நெருங்கியது. உயரத்தில் 10 சென்டிமீட்டருக்கு 27 வரிசை. 60 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 144 கண்ணி. இந்த எண்ணை எனக்கு மிகவும் பிடிக்கும்: 6, 8, 12, 16, 18, 24 என எந்தக் கோலத்தின் அகலத்துக்கும் மீதியின்றி வகுபடும்.

கோலம் என்று சொன்னது சும்மா அன்று. கட்டத்தாளில் நான் முதலில் வரைந்ததே எங்கள் வாசலில் போடும் கோலங்களைத்தான். சிக்குக் கோலம் ஆகவில்லை. புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் ஒற்றைக் கோட்டைப் பின்னலில் கொண்டுவந்தால், இங்கே ஒரு கண்ணி, அங்கே ஒரு கண்ணி என்று சந்தன நிறம் தென்பட்டு, நடுவே பத்துப் பன்னிரண்டு கண்ணிகள் கருநீலமாகவே போகும். அத்தனை தூரத்துக்கும் சந்தன நூல் பின்னால் தொங்க வேண்டிவரும். வளைவும் படிக்கட்டாக உடைந்துவிடும். நேர்கோடும் சாய்கோடும் மட்டுமே கொண்ட எட்டு முனை நட்சத்திரக் கோலம் அழகாக இறங்கியது. நார்வேயில் செல்பு என்ற ஊரில் 1857-இல் மாரிட் எம்ஸ்டாட் என்ற பெண் கையுறையில் பின்னி அணிந்து சென்று புகழ்பெற்ற வடிவமும் இந்த எட்டு முனை நட்சத்திரமே. கட்டங்களில் வரையத் தோதான வடிவம் என்பதால் பல நாட்டுக் கைகளிலும் அது தானாகவே வந்து சேர்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் கணக்கு நோட்டின் சதுரக் கட்டத்தில் வரைந்ததை அப்படியே பின்னக் கூடாது. கண்ணி என்பது சதுரமன்று. அகலத்தைவிட உயரம் குறைவு. 23 கண்ணி அகலமுள்ள நட்சத்திரத்தை 23 வரிசையில் முடித்தால் தலையில் யாரோ அமுக்கியதைப் போல் சப்பையாக நிற்கும். 25 வரிசையாக்கியபோது சரியானது. சுற்றிலும் ஆறு நட்சத்திரங்கள். மேலும் கீழும் கோபுர பார்டரில் வருகிற முக்கோண வரிசை.

இரண்டு நூலையும் எப்படிப் பிடிப்பது என்பதுதான் தொடங்குபவர்கள் மிரளும் இடம். என் அம்மாவுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தவர் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, நூலை வலக்கையில் பிடித்து ஊசிமேல் சுற்றிப் போடும் முறை. குரோஷாவோ பள்ளியின் தையல் வகுப்பில் பழகியது. அதில் நூல் இடது ஆள்காட்டி விரலில் இருக்கும். இரு வண்ணப் பின்னலுக்கு வேண்டியது இவ்விரண்டும் சேர்ந்ததே. கருநீலத்தை வலக்கையில் வைத்துச் சுற்றிப் போடலாம், சந்தன நிறத்தை இடது விரலில் வைத்து ஊசியால் அள்ளிக்கொள்ளலாம். நூல்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வதே இல்லை. எந்த நிறம் எந்தக் கை என்பதை இடையில் மாற்றக் கூடாது. இடக்கை நூல் பின்பக்கத்தில் எப்போதும் கீழாக ஓடுவதால் அதன் கண்ணி இம்மியளவு பெரிதாக விழுந்து முன்பக்கத்தில் துலக்கமாகத் தெரியும். ஆகவே கோலத்தின் நிறம் இடக்கைக்கு, தரையின் நிறம் வலக்கைக்கு.

இனி ஓட்டநூல். நட்சத்திரத்தின் ஓர் இதழில் சந்தன நிறம் ஐந்து கண்ணி வருகிறது என்று கொள்வோம். அந்த ஐந்தையும் பின்னி முடித்தபின் உடனே கருநீலத்தை இழுக்கக் கூடாது. வலது ஊசியில் ஏறியிருக்கும் அந்த ஐந்து கண்ணிகளையும் கட்டைவிரலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளி, துணி அதன் முழு அகலத்துக்கு விரிந்து நிற்கும்படி செய்து, அதன் பிறகு முதல் கருநீலக் கண்ணியைப் போட வேண்டும். அப்போதுதான் பின்னால் கிடக்கும் கருநீல நூல் அந்த 2 சென்டிமீட்டர் தூரத்தை இழுபடாமல் கடக்கும். ஊசியில் கண்ணிகள் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் நிலையில் நிறம் மாற்றினால் ஓட்டநூல் குட்டையாகிவிடும். ஊசியிலிருந்து இறக்கியபின் துணி விரிய முயலும், நூல் விடாது, நட்சத்திரம் சுருங்கி மேடு பள்ளமாக நிற்கும். தளர்வான ஓட்டநூலைத் துவைத்து உலர்த்தும்போது கம்பளி தானே சீராக்கிக்கொள்ளும். இறுகிப்போனதற்கு மருந்தில்லை, பிரிக்க வேண்டியதுதான். இன்னொரு உபாயமும் உண்டு: கவுலை உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டிப்போட்டு, வளையத்தின் அக்கரையில் வைத்துப் பின்னுவது. வளையத்தின் வெளிச்சுற்று உள்சுற்றைவிடச் சற்றுப் பெரிது. ஓட்டநூல்கள் வெளிச்சுற்றில் கிடக்கும்போது தாமாகவே கொஞ்சம் நீளமாக விழுகின்றன.

ஐந்து கண்ணிக்கு மேல் போகும் இடங்களில் (முக்கோணத்தின் அடிப்பகுதியில் ஏழு வருகிறது) நடுவில் ஒருமுறை நூலைப் பின்பக்கத்தில் முறுக்கிப் பிடித்துவிட வேண்டும். அடுத்த சுற்றிலும் அதே கண்ணிக்கு நேரே பிடிக்காமல் ஒன்றிரண்டு கண்ணி தள்ளிப் பிடிப்பது நல்லது. இல்லையென்றால் முன்பக்கக் கண்ணிகளின் இடுக்கில் மற்ற நிறம் செங்குத்தாக ஒரு கோடுபோல எட்டிப்பார்க்கும். சுற்று தொடங்கும் இடத்தில் வரிசை ஒரு படி ஏறுவதைத் தவிர்க்க முடியாது. அந்த இடத்தைப் பிடரிப்பக்கம் வைத்துக்கொண்டால் போயிற்று.

இதையெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் பின்ன நேர்ந்ததுதான் சோதனை. மழை பெய்து ஓய்ந்த மாலையில் வடசென்னைப் புழுக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மடியில் கம்பளி, விரல் இடுக்கெல்லாம் வியர்வை. அலுமினிய ஊசியில் வியர்வை பட்டால் கண்ணி நகராமல் ஒட்டும், சந்தன நிற நூலில் அழுக்கும் ஏறும். மர ஊசிக்கு மாறியபின் வேலை இலகுவாயிற்று. கையைக் கழுவித் துடைத்துக் கொஞ்சம் டால்கம் பவுடர் பூசிக்கொள்வேன். மின்விசிறியை நேரே வைக்காமல் பக்கவாட்டில் திருப்பி வைப்பேன், நேரே வைத்தால் கட்டத்தாள் பறக்கும். விடியற்காலையில் தெருவில் தண்ணீர் லாரி வருவதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் இந்த வேலைக்கு உத்தமம். பின்னிய கம்பளியை இரவில் வெளியே போட்டுவைக்கவே கூடாது. இந்த ஈரக்காற்றில் அந்துப்பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அது விருந்து. நன்றாகக் காய்ந்த நிலையில் ஜிப் உறையில் போட்டு, அந்துருண்டை நெடி பிடிக்காதவர்கள் வசம்பை ஒரு துணியில் முடிந்து வைக்கலாம். நான் வசம்புக் கட்சி.

மேலும் கீழும் எட்டு எட்டு வரிசை, இரண்டு நிட் இரண்டு பர்லாக மெல்லிய ஊசியில் போட்ட விளிம்பையும் சேர்த்து உயரம் 24 சென்டிமீட்டர் வந்தது. பின்னி முடித்தவுடன் எந்த இரு வண்ணப் பின்னலும் அழகாக இருக்காது. கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகச் சொரசொரவென்று தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளி ஷாம்பூ விட்டு அரைமணி ஊறவைத்து, அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி மேலே ஏறி மிதித்து ஈரத்தை எடுத்தேன். சுருட்டிய துண்டு ஒன்றை வளையத்துக்குள் செருகி உலர்த்தினால் பக்கவாட்டில் மடிப்பு விழாது. கொடியில் போட்டால் தண்ணீரின் எடையிலேயே நீண்டுவிடும் என்பதால் தட்டையாகத்தான் வைக்க வேண்டும். கார்த்திகை மழையில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் கிடந்தும் உள்பக்கம் லேசாகச் சில்லென்றிருந்தது. வெயில் வந்த மூன்றாம் நாள்தான் முழுவதும் காய்ந்தது. அப்போது பார்க்க வேண்டும், கண்ணிகளெல்லாம் ஒரே அளவாகி, நட்சத்திரத்தின் எட்டு முனைகளும் கூர்மையாக நின்றன. உள்பக்கத்தைத் திருப்பினால் கருநீலமும் சந்தனமும் படுக்கைக் கோடுகளாக ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஓடியிருந்தன. என் தோட்டைக் கழற்றாமலே தலை வழியாகப் போட்டுப் பார்த்தேன், எங்கும் மாட்டவில்லை.

தெரிந்தவர் ஒருவர் கனடா போகும்போது கொடுத்தனுப்பினேன். கூடவே ஒரு தாளில், வாஷிங் மெஷினில் போடாதே, வெந்நீர் படவிடாதே, சூடும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளியின் செதில்கள் ஒன்றில் ஒன்று கொக்கிபோட்டுக்கொண்டு கவுல் குழந்தைக் குல்லா அளவுக்குச் சுருங்கிவிடும், பிறகு எந்தப் பெரியம்மாவாலும் அதை நீட்ட முடியாது என்று எழுதி வைத்தேன். இரண்டு நிறத்திலும் மீந்த நூலில் இரண்டு முழம் சுற்றி, மழுங்கிய முனையுள்ள ஊசி ஒன்றையும் அதோடு சேர்த்துக் குத்தி அனுப்பியிருக்கிறேன். எந்த ஓட்டநூலாவது அறுந்தால் முடிச்சுப் போடாமல், பக்கத்துக் கண்ணிகளின் பின்புறமாகவே புது நூலை நாலைந்து கண்ணி தூரம் நுழைத்து எடுத்தால் போதும்.